பேச்சொலியும் கேட்கும் மூளையும்

மொழியொலிகளைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றைப் பொதுவாக நோக்குமிடத்து, பேசுவோனுக்கு அளிக்கப்பட்ட முக்கியத்துவம் கேட்போனுக்கு அளிக்கப்படவில்லை என்பது புலனாகும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு உறுப்புக்களைக் கொண்டு எழுத்துக்கள் பிறக்குமாற்றை விளக்குகின்றது. ஒலிகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிவதில் அக்காலத்திலேயே எய்தப்பட்டிருந்த நுட்பம் வியக்கத்தக்கது. ஆயின், பிறந்த ஒலி கேட்போனின் செவியை அடைந்த பின்னர் அதற்கு யாது நேர்கின்றது என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. இதனை இலக்கண ஆசிரியரின் குறைபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது. இதழின் அசைவைக் கண்ணாற் காணலாம். நாவின் நிலையைத் தானே உணரலாம். கேட்டலோ எவ்வித முயற்சியுமின்றித் தானாகவே நிகழ்வதுபோலத் தோன்றுவது. முயற்சி தெரியாத ஒரு செயலைப் பற்றி வினா எழுப்புவதற்குக் கருவிகளும் பரிசோதனை முறைகளும் தேவைப்பட்டன. அவை 20ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தன.

அவ்வாறு கிடைத்தவற்றின் துணைகொண்டு இதுவரை அறியப்பட்டவை ஒரு முக்கியமான முடிவுக்கு எம்மை இட்டுச் செல்கின்றன. நாம் கேட்பதாகக் கருதும் எழுத்தொலிகள் காற்றிலே தனித்தனியாக மிதந்து வருவன அல்ல. காற்றிலே வருவது இடையறாத ஓர் அதிர்வு மட்டுமே. அதனை ஒலிகளாகப் பகுத்து அறிவது மூளை. அவ்வாறு பகுக்கும் முறையை மூளைக்குக் கற்பிப்பது மொழிச் சமூகம். எனவே பேச்சைக் கேட்டல் என்பது உடலியற் செயலாக இருக்கும் அதேவேளையில் ஒரு சமூகச் செயலுமாகும். இக்கூற்றின் அடிப்படைகளையும் அதன் விளைவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவியின் தொழில்

ஒலி என்பது காற்றின் அமுக்கத்தில் ஏற்படும் மாற்றமாகும். செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான மீடிறன் கொண்ட அதிர்வுகளை மனிதச் செவி உணரவல்லது. இவ்வதிர்வுகள் செவிப்பறை மென்சவ்வைத் தாக்க, அதனோடு இணைந்த சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் மூன்று சிற்றென்புகள் அவற்றை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவி திரவத்தால் நிரம்பியது. காற்றிலிருந்து திரவத்துக்கு நேரடியாகச் செல்லும் ஒலியின் பெரும்பகுதி தெறித்துவிடும். செவிப்பறையின் தொழிற்படு பரப்பு ஏந்தியுருவின் அடித்தட்டின் பரப்பிலும் ஏறத்தாழ 17 மடங்காக இருப்பதனால், பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பிற் குவிந்து அவ்விழப்பைப் பெருமளவுக்கு ஈடுசெய்கின்றது.

உட்செவியின் முக்கிய பகுதி நத்தையோட்டின் வடிவில் இரண்டரைச் சுற்றுக்களாகச் சுருண்டமைந்த நத்தைச்சுருளாகும். அதனை விரித்து நோக்கின் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமுடையது. அதன் நெடுகிலும் அமைந்த அடிமென்சவ்வு தொடக்கத்தில் ஒடுங்கியும் விறைப்பாகவும், முடிவில் அகன்றும் தளர்ந்தும் காணப்படுகின்றது. இதனால் உயர்ந்த மீடிறன்கள் தொடக்கத்திலும் தாழ்ந்த மீடிறன்கள் முடிவிலும் மிகுதியான அசைவை ஏற்படுத்துகின்றன. ஹங்கேரி நாட்டிற் பிறந்த கெயோர்க் வொன் பெக்கேசி இறந்தோரின் செவிகளைக் கொண்டு இவ்வலையின் இயக்கத்தை ஆராய்ந்தார். அதற்காக அவருக்கு 1961இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிருள்ள செவி அவர் கண்டதைவிடக் கூர்மையாகத் தொழிற்படுகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. அடிமென்சவ்வின்மீது அமைந்த மயிர்க்கலங்களுள் ஏறத்தாழ 3,500 உட்கலங்களே மூளைக்குச் செய்தி அனுப்பும் பணியைப் பெரும்பாலும் ஆற்றுகின்றன. ஏறத்தாழ 12,000 வெளிக்கலங்கள் தாமே நீண்டும் குறுகியும் அசைந்து அதிர்வைப் பெருக்குகின்றன. மூளையிலிருந்து செவியை நோக்கி வரும் நரம்புகளும் உள. ஆகவே செவி என்பது ஒலி புகுவதற்கெனத் திறந்து கிடக்கும் வெறும் வாயில் அன்று.

ஏறத்தாழ 30,000 இழைகளைக் கொண்ட செவி நரம்பு, எந்த மீடிறன் எந்த வேளையில் எவ்வளவு வலிமையுடன் அமைந்தது என்னும் செய்தியை மின் கணத்தாக்கங்களாக மூளைத் தண்டுக்குக் கொண்டு செல்கின்றது. அங்கு இரு செவிகளின் செய்திகளும் ஒப்பிடப்பட்டு ஒலி வந்த திசை கணிக்கப்படுகின்றது. பின்னர் நடுமூளை, தலமசு ஆகியவற்றின் வழியாகச் செய்தி கடைநுதற் சோணையின் மேற்பட்டையை, அதாவது காதுக்கு மேலாக அமைந்த மூளைப்பகுதியின் புறப்படையைச் சென்றடைகின்றது. இவ்வளவு தூரமும் செய்தி மீடிறன் வரிசை குலையாமலே செல்கின்றது. இதுவரை கூறப்பட்டவை பேச்சுக்கு மட்டும் உரியன அல்ல. கதவு சாத்தப்படும் ஓசைக்கும் இதே வழிதான். பேச்சொலி பற்றிய பிரச்சினை இதன் பின்னரே தொடங்குகின்றது.

ஒலியும் எழுத்தும் பொருந்தாமை

இப்பிரச்சினை வெளிப்பட்ட வரலாறு அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பார்வையிழந்த போர்வீரர்கள் அச்செழுத்தைக் காதாற் கேட்டு வாசிக்கத்தக்க பொறியொன்றை அமைக்கும் முயற்சி அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வுகூடத்தில் மேற்கொள்ளப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் ஓசையை ஒதுக்கினாற் போதும் என்பது தொடக்கத்திலிருந்த எண்ணமாகும். அம்முயற்சி வெற்றிபெறவில்லை. எத்தகைய ஓசைகளைத் தெரிந்தெடுத்த போதிலும் கேட்போரால் மெதுவாகவே அவற்றைப் பின்தொடர முடிந்தது. வேகத்தைக் கூட்டினால் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாயின. ஆனால் சாதாரண பேச்சிலோ செக்கனுக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலியன்களை நாம் எளிதாகப் பின்தொடர்கின்றோம். இது எவ்வாறு இயலுமாகின்றது?

அல்வின் லிபர்மன், பிராங்ளின் கூப்பர் முதலியோர் இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டனர். பேச்சின் மீடிறன்களைப் படமாக வரையும் கருவி ஏற்கெனவே ஆக்கப்பட்டிருந்தது. அப்படத்தைத் தம் கையாலே தீட்டி அதனை மீண்டும் ஒலியாக மாற்றும் பொறியொன்றை இவர்கள் அமைத்தனர். அதனாற் பேச்சின் எந்தப் பகுதி எந்த ஒலியைத் தருகின்றது என்பதைச் சோதிக்க முடிந்தது. கிடைத்த முடிவு எதிர்பாராததாகும். ஆங்கிலத்தின் ஒரு மெய்யொலி இகரத்தோடு சேரும்போது படத்தில் அதற்குரிய ஒலிச்செறிவுப் பட்டை மேல்நோக்கி எழுந்தது; அதே மெய் உகரத்தோடு சேரும்போது பட்டை கீழ்நோக்கி இறங்கியது. கேட்போனுக்கோ இரண்டிலும் ஒரே மெய் கேட்டது. அந்த மெய்யை மட்டும் தனியே வெட்டியெடுக்க முயன்றபோது எஞ்சியது பேச்சொலி அன்று. சீழ்க்கை போன்றதோர் ஓசையே. மெய்யும் உயிரும் பேச்சில் ஒன்றையடுத்து ஒன்று வருவன அல்ல. அவை ஒன்றன்மீது ஒன்று படிந்து ஒரே வேளையிற் கடத்தப்படுகின்றன. இதனாலேயே பேச்சு அத்துணை வேகத்தைப் பெறுகின்றது. 'உயிர்மெய்' என ஒரே வடிவில் எழுதிப் பழகிய தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாதிருக்கலாம். எனினும் இங்கு கூறப்படுவது எழுத்து வடிவம் பற்றியது அன்று. காற்றில் உள்ளதற்கும் நாம் கேட்பதற்கும் இடையே நேரடியான பொருத்தம் இல்லை என்பதே.

தமிழிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். 'பம்பரம்' என்னும் சொல்லில் இரண்டு பகரங்கள் உள. முதலாவது, குரல்நாண்களின் அதிர்வின்றி ஒலிக்கின்றது. இரண்டாவது, மகரத்தின் பின் வருவதால் அதிர்வுடன் ஒலிக்கின்றது. பௌதிக முறையில் இவை வேறுபட்ட ஒலிகள். ஆங்கிலமும் சிங்களமும் இவற்றை இரண்டு ஒலியன்களாகக் கொள்கின்றன. தமிழனின் செவியிலோ இரண்டும் ஒரே எழுத்து. ஒலி ஒன்றாயிருக்க, அது ஒரு சமூகத்துக்கு ஒன்றாகவும் மற்றொரு சமூகத்துக்கு இரண்டாகவும் எவ்வாறு கேட்கின்றது?

எல்லைகள் அமையுமாறு

இதழ்கள் திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலான கால அளவே இவ்வகை வேறுபாட்டின் முக்கிய அடையாளமாகும். லீ லிஸ்கர், ஆதர் ஏப்ரம்சன் ஆகிய இருவரும் 1964இல் தமிழ் உள்ளிட்ட 11 மொழிகளை அளந்து இதனை நிறுவினர். இக்கால அளவை ஆய்வுகூடத்திற் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சென்றால் கேட்போன் ஒலி படிப்படியாக மாறுவதை உணர்வதில்லை. ஆங்கிலம் பேசுவோர்க்கு ஏறத்தாழ 25 மில்லிசெக்கன் வரை ஓர் ஒலியே கேட்கும். அதனைச் சற்றுக் கடந்தவுடன் திடீரென மற்றோர் ஒலி கேட்கும். எல்லையின் ஒரே பக்கத்திலுள்ள இரண்டு ஒலிகளை வேறுபடுத்துவது கடினம். எல்லைக்கு இருபுறமும் உள்ளவற்றை வேறுபடுத்துவது எளிது. ஒலிகளை இவ்வாறு வகைப்படுத்தியே உணர்தலை லிபர்மன் குழுவினர் 1957இலேயே வேறு மெய்யொலிகளைக் கொண்டு எடுத்துக்காட்டியிருந்தனர்.

இவ்வெல்லைகள் பிறப்பிலேயே அமைந்தனவா, அன்றிக் கற்கப்பட்டனவா? 1971இல் பீற்றர் ஐமஸ் குழுவினர் ஒரு மாதமும் நான்கு மாதமும் நிரம்பிய குழந்தைகளை ஆராய்ந்தனர். புதிய ஒலி கேட்கும்போது குழந்தை சூப்பியைச் சூப்பும் வேகம் கூடுவதைக் கொண்டு, அவ்வயதிலேயே எல்லை கடந்த வேறுபாட்டைக் குழந்தை உணர்கின்றது எனக் கண்டனர். இதிலிருந்து மனிதனுக்கு மட்டுமே உரிய பேச்சுப்புலன் ஒன்று உண்டெனச் சிலர் கருதினர். ஆயின் 1975இல் பற்றீஷியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் சின்சில்லா என்னும் தென்னமெரிக்கக் கொறிவிலங்கும் ஏறத்தாழ அதே இடத்தில் எல்லை வகுக்கின்றது எனக் காட்டினர். ஆகவே இவ்வெல்லைகளுட் சில முலையூட்டிகளின் செவிப்புலத்துக்குப் பொதுவானவை எனக் கொள்ளலாம். மொழி தனக்கு வாய்த்த உடலின் இயல்புகளைப் பயன்படுத்திக்கொண்டது.

இயற்கை அளித்தது இதுவெனின், சமூகம் செய்வது யாது? இதற்கான சான்று 1984இற் கிடைத்தது. ஜனற் வேக்கரும் றிச்சட் ரீஸும் கனடாவில் ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு ஹிந்தி மொழியின் இரண்டு மெய்களைக் கேட்பித்தனர். எமது மொழியில் 'பத்து', 'பட்டு' என்னும் சொற்களை வேறுபடுத்தும் பல்லொலி, வளைநாவொலி என்பவற்றை ஒத்தவை அவை. ஆங்கிலம் பேசும் வளர்ந்தோர் பெரும்பாலோருக்கு இவ்வேறுபாடு கேட்பதில்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுட் பெரும்பாலானவை அதனை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலவே உணர்ந்தன. ஹிந்திச் சூழலில் வளர்ந்த குழந்தைகளோ அத்திறனை இழக்கவில்லை. குழந்தை தனது முதலாவது சொல்லைப் பேசத் தொடங்கும் காலத்தை அண்மிக்கையில் அதன் மூளை ஏற்கெனவே ஒரு மொழிச் சமூகத்தின் உறுப்பாகிவிட்டது எனலாம்.

மேற்பட்டையில் நிகழ்வது

மொழிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பற்றிய நவீன ஆராய்ச்சி 1861இல் பிரான்சிய மருத்துவர் போல் புறோக்காவுடன் தொடங்குவதாகக் கொள்ளப்படும். அவர் ஆராய்ந்தது பேச்சை இழந்தோரை. கேட்டலின் பக்கம் கவனத்தைத் திருப்பியவர் ஜேர்மனியரான கார்ல் வேர்ணிக்கே ஆவார். இடது கடைநுதற் சோணையின் பிற்பகுதி பழுதுற்றோர் சரளமாகப் பேசியபோதிலும் பிறர் பேச்சை விளங்கிக்கொள்ளாமையை அவர் 1874இல் விவரித்தார். இதனிலும் அரிதான ஒரு நிலையும் உண்டு. அந்நோயாளர் வாசிப்பர், எழுதுவர், பேசுவர். நாய் குரைப்பதையும் மணி ஒலிப்பதையும் இனங்காண்பர். ஆயின் தம் தாய்மொழிப் பேச்சு மட்டும் அவர்களுக்கு விளங்காத ஓசையாகவே கேட்கும். செவியும் அறிவும் பழுதுறாதிருக்கவும் பேச்சொலியைப் பகுக்கும் நிலை மட்டும் அழியக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

அந்நிலையின் நுட்பம் அண்மைக் காலத்தில் மேலும் தெளிவாகியுள்ளது. வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையின் பொருட்டு மூளைமீது மின்வாய்கள் பொருத்தப்பட்டிருந்த நோயாளரின் சம்மதத்துடன், எட்வேட் சாங் குழுவினர் சான்பிரான்சிஸ்கோவில் நடத்திய ஆராய்ச்சி 2014இல் வெளிவந்தது. கடைநுதற் சோணையின் மேல்மடிப்பில் ஒவ்வோர் ஒலியனுக்கும் ஒவ்வோர் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. சில இடங்கள் வெடிப்பொலிகள் யாவற்றுக்கும், சில உரசொலிகளுக்கும், சில மூக்கொலிகளுக்கும் துலங்கின. அதாவது மூளை ஒலிகளை அவற்றின் பொது இயல்புகளைக் கொண்டு குழுக்களாகவே முதலில் எதிர்கொள்கின்றது. வல்லினம், மெல்லினம் என்னும் பகுப்பு எமது நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் முன்னோர் மூளையின் அமைப்பை அறிந்திருந்தனர் என இதனை வைத்துப் பெருமை பேசுவது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. செவியைக் கூர்ந்து பயன்படுத்தியோர் வகுத்த இனங்களும் மூளை வகுக்கும் இனங்களும் ஓரளவு ஒத்திருப்பதில் வியப்பில்லை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. அவ்வளவே கூறத்தக்கது.

மூளை வந்ததை மட்டும் ஏற்று அமைவதுமில்லை. 1970இல் றிச்சட் வொறன் ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை நீக்கி, அவ்விடத்தில் இருமலொலியை வைத்துக் கேட்பித்தார். கேட்டோர் ஏறத்தாழ அனைவரும் ஒலி எதுவும் குறையவில்லை என்றனர். 1976இல் ஹரி மக்கேர்க், ஜோன் மக்டொனால்ட் ஆகியோர் ஒரு மெய்யின் ஒலியையும் வேறொரு மெய்யை உச்சரிக்கும் வாயின் காட்சியையும் இணைத்தபோது, பலருக்கு இரண்டுமல்லாத மூன்றாவது மெய்யொன்று கேட்டது. மூளை எதிர்பார்க்கின்றது, இடைவெளியை நிரப்புகின்றது, கண்ணின் சான்றையும் சேர்த்துக்கொள்கின்றது.

எழுத்தறிவும் இங்கு கருதற்பாலது. 1979இல் ஹோசே மொறாய்ஸ் குழுவினர் போர்த்துக்கல்லில் எழுத்தறியாத வளர்ந்தோரை ஆராய்ந்தனர். சொல்லின் முதலொலியை நீக்கிச் சொல்லுமாறு கேட்டபோது அவர்களாற் பெரும்பாலும் இயலவில்லை. அதே சமூகப் பின்னணியிலிருந்து வந்து, வளர்ந்தபின் எழுத்தறிவு பெற்றோரால் இயன்றது. ஸ்ரனிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு பெற்றோரின் மூளை பேச்சொலிக்குத் துலங்கும் முறையும் மாற்றமடைவதைக் காட்டியது. சொல் தனித்தனி ஒலிகளால் ஆனது என்னும் தெளிவான உணர்வுகூட இயல்பாக வாய்ப்பதன்று, பள்ளிக்கூடம் தருவது. எழுத்தறியாதோரை மந்தபுத்தியுடையோர் எனக் கருதும் வழக்கத்துக்கு இங்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

சமூக விளைவுகள்

இவற்றிலிருந்து இரண்டு விளைவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒலிப்பு வேறுபாட்டைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பது பற்றியது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், ஆற்றுத்துறையில் மறிக்கப்பட்ட எப்பிராயீமியர் 'ஷிபோலேத்' என்பதைச் 'சிபோலேத்' என உச்சரித்தமையால் இனங்காணப்பட்டுக் கொல்லப்பட்டதாகக் கூறப்பட்டுள்ளது. இது பழங்கதையாக மட்டும் நிற்கவில்லை. 1983 யூலை வன்செயல்களின்போது வீதிகளில் மறிக்கப்பட்டோரைச் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் முதலொலி அதற்கெனப் பயன்பட்டது. முன்னர் 'பம்பரம்' என்னும் சொல்லில் நாம் கண்ட அதே வேறுபாடுதான் அது. சொன்முதலில் குரல்நாண் அதிர்வுடைய பகரம் தமிழில் இயல்பாக இல்லை. ஒரு குழந்தை தன் தாயின் மடியில் முதலாவது ஆண்டிலேயே பெற்றுக்கொண்ட செவிப்பழக்கம், அதன் விருப்பு வெறுப்புகளுக்கு அப்பாற்பட்ட ஒன்று, உயிரைத் தீர்மானிக்கும் அடையாளமாக்கப்பட்டது. எந்த இனத்தின் செவியும் நாவும் மற்றோர் இனத்தினதைவிட உயர்ந்தவை அல்ல. எல்லா மொழிகளின் எல்லா ஒலிகளுக்கும் உரிய ஆற்றலோடேயே குழந்தை பிறக்கின்றது. பிரிவினை அதன் பின்னர் வருவது. பிற்காலத்தில் மற்றொரு மொழியைக் கற்போனின் ஒலிப்பை எள்ளி நகையாடுவோரும் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, செவிப்புலனற்ற குழந்தைகள் பற்றியது. மயிர்க்கலங்கள் பழுதுற்றவிடத்து நத்தைச்சுருளினுள் மின்வாய்களைச் செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி இன்று பயன்பாட்டில் உள்ளது. அவுஸ்திரேலியரான கிறாயம் கிளார்க் 1978இற் பல மின்வாய்கள் கொண்ட கருவியை மெல்பேணில் ஒரு நோயாளருக்குப் பொருத்தினார். இயற்கைச் செவியின் ஆயிரக்கணக்கான கலங்களுக்கு ஈடாக இருபதளவான மின்வாய்கள் எவ்வாறு போதுமாகின்றன? 1995இல் றொபேட் ஷானன் குழுவினர் பேச்சின் மீடிறன்களை நான்கே பட்டைகளாகச் சுருக்கியபோதும் கேட்போர் வாக்கியங்களைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டமையைக் காட்டினர். எஞ்சியதை நிரப்புவது பயின்ற மூளையே.

ஆயின் மூளை பயின்றிருத்தல் வேண்டும். பிறவியிலேயே செவிப்புலனற்ற குழந்தைகளை ஆராய்ந்த அனு சர்மா குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றரை வயதுக்கு முன்னர் கருவி பெற்றோரின் மேற்பட்டை வயதுக்கேற்ற துலங்கலை அடைகின்றது. ஏழு வயதுக்குப் பின்னர் பெற்றோர் பெரும்பாலோரிடம் அது அவ்வாறு அமைவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, செவிப்புல இழப்பினால் மறுவாழ்வுச் சேவை தேவைப்படுவோர் உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோர் எனக் கணிக்கின்றது. அவர்களுட் பெரும்பாலோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வோர். கருவியின் விலையோ உழைக்கும் மக்களுக்கு எட்டாதது. குழந்தைக்குக் கேட்கவில்லை என்பது காலந்தாழ்த்தி அறியப்படும் இடங்களில் கருவி கிடைத்தாலும் காலம் கிடைப்பதில்லை.

இதனால் அக்குழந்தைக்கு மொழியே இல்லை என்று ஆகிவிடாது. லோறா பெற்றிற்ரோ குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பிறவியிலிருந்து செவிப்புலனற்றோர் சைகை மொழியைக் காணும்போது, பேச்சொலிக்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட கடைநுதற் சோணையின் மேற்பகுதி தொழிற்படுவதை வெளிப்படுத்தியது. அப்பகுதி வேண்டி நிற்பது ஓசையை மட்டும் அன்று. ஒரு சமூகத்தின் ஒழுங்கமைந்த மொழிக் கூறுகளை. அவை காதின் வழியாக வரலாம். கண்ணின் வழியாகவும் வரலாம். எதுவும் வராமற் போவதே ஈடுசெய்யவியலாத இழப்பாகும். பிறந்த சில நாட்களிலேயே செவிப்புலத்தைச் சோதிப்பதும், கருவியோ சைகை மொழியோ இரண்டுமோ முதலாண்டுகளிலேயே குழந்தையைச் சென்றடையச் செய்வதும் தருமச் செயல்கள் அல்ல; எழுதப் படிக்கக் கற்பிப்பதை ஒத்த சமூகக் கடமைகள்.

செவியை மனிதனுக்கு இயற்கை அளித்தது. அச்செவியிற் படுவதை மொழியாக்குவது மனிதர் ஒருவர்க்கொருவர் செய்யும் பணி. அப்பணி குழந்தையின் முதலாண்டுகளிலேயே நிறைவேற வேண்டும் என்பதைப் பரிசோதனைகள் தெளிவாக்கியுள்ளன. நிறைவேற்றுவது ஆய்வுகூடத்தின் கையில் இல்லை.